பார்த்துப் போகும் சில்லுகள்

"பார்த்துப் போ" என்று வீட்டில் சொல்லி அனுப்புகிறார்களே, அதற்கு வழியிலுள்ள காட்சிகளை ரசித்துக்கொண்டு போ என்று யாரும் பொருள் கொள்வதில்லை. எதன் மீதும் மோதாதே, எதுவும் உன் மீது மோதும்படி விடாதே என்பதே பொருள். பார்வையின் முதல் வேலை என்ன என்பதை இந்த இரண்டு சொற்கள் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகின்றன! முகம் அடையாளம் தெரிவது, எழுத்துப் படிப்பது, அந்தி வானத்தைப் பார்த்து மயங்குவது எல்லாம் அப்புறம். ஈக்கும் தவளைக்கும் இந்த ஆடம்பரங்கள் கிடையாது. ஆனாலும் அவை பார்த்துப் போகின்றன.

மனிதன் செய்த கேமராவுக்கு இந்த வித்தை பிறவியிலேயே கிடையாது. அதற்குத் தெரிந்தது படம் எடுப்பது மட்டும். சாதாரண வீடியோ கேமரா வினாடிக்கு 30 படம் எடுக்கும். பத்து லட்சம் பிக்ஸெல் கொண்ட சுமாரான கேமராவில், பிக்ஸெலுக்குச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள் வீதம், வினாடிக்கு 9 கோடி எண்கள் வெளியே கொட்டுகின்றன. எதிரே வெறும் சுவர் இருந்தாலும் அதே 9 கோடிதான். அந்தச் சுவரோரம் பூனை ஒன்று நகர்கிறதா என்று தெரிய வேண்டுமானால், கம்ப்யூட்டர் இந்தப் படத்தையும் முந்தைய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் புள்ளி புள்ளியாக ஒப்பிட வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் லாரியோ, இரண்டு படங்களுக்கு இடையில் அரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடுகிறது.

இந்த முறையே தலைகீழ் என்று 1980களில் கலிபோர்னியாவில் ஒரு சிறு கூட்டம் நினைத்தது. முதலில் படம், பிறகு கணக்கு, அதன் பிறகு அசைவு என்று ஏன் சுற்றி வளைக்க வேண்டும்? வெளிச்சம் விழுகிற இடத்திலேயே, விழுகிற கணத்திலேயே அசைவை உணரும் சில்லு ஒன்றைச் செய்தால் என்ன? செய்தார்கள். சந்தையில் பெரும்பாலும் தோற்றார்கள். தோற்ற விதமும் பாதி வேடத்தில் திரும்பி வந்த விதமும் தெரிந்துகொள்ள வேண்டியவை.

அசைவைக் காண்பது என்பது பார்வைக்குள் தனியாக ஒரு இலாகா என்பதற்கு மருத்துவத்தில் பயங்கரமான சாட்சியம் ஒன்று இருக்கிறது. மூளையின் பின்பகுதியில் இரு பக்கமும் பாதிக்கப்பட்ட ஒரு பெண்மணியைப் பற்றி 1983ல் ம்யூனிக் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். அவருக்கு நிறம் தெரிந்தது, உருவம் தெரிந்தது, படிக்க முடிந்தது. அசைவு மட்டும் தெரியவில்லை. கோப்பையில் ஊற்றும்போது தேநீர் உறைந்துபோன பனிக்கட்டி போல் அந்தரத்தில் நிற்கும். எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் வழிந்துவிடும். தெருவில் தூரத்தில் இருந்த கார் அடுத்த கணம் முகத்துக்கு நேரே நிற்கும். இடையில் அது வந்ததே கிடையாது. நம் கேமராக்கள் உலகத்தை ஏறக்குறைய இந்தப் பெண்மணி போலத்தான் பார்க்கின்றன. நடுவிலுள்ள இடைவெளியைக் கம்ப்யூட்டர் மூச்சிரைக்க நிரப்பிக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் ஈ எப்படிச் செய்கிறது? இதற்கு முதல் விடை ஈயிடமிருந்து வரவில்லை, ஒரு கூன்வண்டிடமிருந்து வந்தது. தென்னந்தோப்பு வைத்திருப்பவர்களுக்குச் சிவப்புக் கூன்வண்டைத் தெரிந்திருக்கும். இது அதற்குத் தூரத்து உறவான க்ளோரோஃபானஸ் என்ற ஐரோப்பிய இனம். ஜெர்மனியில் இரண்டாம் உலகப் போரின்போது சந்தித்துக்கொண்ட இரண்டு இளைஞர்கள் வெர்னர் ரைகார்ட், பெர்ன்ஹார்ட் ஹாஸன்ஸ்டைன். முதலாமவர் இயற்பியல்காரர், இரண்டாமவர் உயிரியல்காரர். உயிரோடு மிஞ்சினால் இரண்டு துறைகளையும் சேர்த்து ஆராய்ச்சி செய்வோம் என்று பேசிவைத்தார்கள். ரைகார்ட் மிஞ்சியதே பெரிய காரியம். நாஜிகளுக்கு எதிரானவர்களுடன் சேர்ந்ததற்காகக் கைதாகி, போரின் கடைசி நாட்களில் தப்பியவர் அவர்.

போர் முடிந்த பிறகு இருவரும் வண்டின் முதுகை ஒரு பிடியில் ஒட்டி அந்தரத்தில் நிறுத்தினார்கள். கால்களில் பற்றிக்கொள்ள எடையே இல்லாத ஒரு கோளக் கூட்டைக் கொடுத்தார்கள். வண்டு தான் நடப்பதாக நினைத்துக்கொண்டு கூட்டை உருட்டும். கூட்டின் கம்பிகள் சில அடிகளுக்கு ஒருமுறை இரண்டாகக் கிளை பிரியும். இடமா, வலமா என்று வண்டு தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். சுற்றிலும் கறுப்பு வெள்ளைக் கோடுகள் நகரும்போது அது எந்தப் பக்கம் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணினார்கள். முழு சோதனைக்கும் தேவைப்பட்டது பொறுமை.

1956ல் வெளியான அவர்களுடைய கட்டுரை சொன்ன விஷயத்தைக் கோயில் திருவிழாவை வைத்து விளக்கலாம். ஒரே தெருவில் இரண்டு வீடுகள். சுவாமி ஊர்வலம் வருகிறது. முதல் வீட்டு வாசலில் நாதஸ்வரம் கேட்டவுடனே அந்த வீட்டுப் பையன் இரண்டாவது வீட்டை நோக்கி நடக்கிறான். அவன் போய்ச் சேருகிற அதே நேரத்தில் இரண்டாவது வீட்டு வாசலிலும் நாதஸ்வரம் கேட்டால், ஊர்வலம் இந்தத் திசையில், ஏறக்குறையப் பையனின் வேகத்தில் வருகிறது என்று அர்த்தம். ஊர்வலம் எதிர்த்திசையில் வந்தால் பையன் போய்ச் சேரும்போது இரண்டாம் வீட்டில் எப்போதோ நாதஸ்வரம் ஓய்ந்திருக்கும். வண்டின் கண்ணில் அடுத்தடுத்த இரண்டு சிறு லென்ஸ்கள்தான் இந்த வீடுகள். ஒன்றின் சைகை சற்றுத் தாமதமாகி மற்றதன் சைகையோடு பெருக்கப்படுகிறது. இதற்கு நேர் எதிராக இன்னொரு ஜோடி. இரண்டின் விடைகளையும் கழித்தால் திசை கிடைத்துவிடும்.

கூட்டல் இல்லை, பெருக்கல் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது அழகான சங்கதி. முதல் லென்ஸில் வெளிச்சம் கூடி, அடுத்ததிலும் கூடினால் வண்டு அந்தத் திசையில் திரும்பியது. இரண்டிலும் வெளிச்சம் குறைந்தாலும் அதே திசை. ஒன்றில் கூடி மற்றதில் குறைந்தால் எதிர்த்திசை. மைனஸை மைனஸால் பெருக்கினால் ப்ளஸ் என்று எட்டாம் வகுப்பில் நாம் தடுமாறிக் கற்றதை வண்டு தடுமாறாமல் செய்துகொண்டிருந்தது.

இந்தக் கதையில் ஒரு குடும்பப் பெயர் மூன்று தடவை வருகிறது. ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1937ல் வெளியேறி, பின்னர் கால்டெக் என்று சுருக்கமாக அழைக்கப்படும் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் நிலைத்த மேக்ஸ் டெல்ப்ரூக், 1969ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். ரைகார்ட் 1950களின் நடுவில் இவரிடம் போய் வேலை செய்தார். 1960களின் பிற்பகுதியில், அதே கால்டெக்கில் டிரான்ஸிஸ்டர்களோடு மல்லாடிக்கொண்டிருந்த கார்வர் மீட் என்ற இளம் பேராசிரியருக்கு நரம்புகளின் மீது ஆசை மூட்டியவரும் இவர்தான். மூன்றாவது தடவை, இவருடைய மகன்.

மீட் சாதாரண ஆசாமி இல்லை. சில்லில் அடங்கும் டிரான்ஸிஸ்டர்களின் எண்ணிக்கை குறிப்பிட்ட கால இடைவெளியில் இரட்டிப்பாகும் என்ற கார்டன் மூரின் கணிப்புக்கு 'மூர் விதி' என்று பெயர் வைத்தவராக அறியப்படுபவர். லின் கான்வே என்ற பெண் பொறியாளருடன் சேர்ந்து 1980ல் அவர் எழுதிய பாடநூல், லட்சக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் கொண்ட டிஜிட்டல் சில்லுகளை வடிவமைக்க ஒரு தலைமுறைக்கே சொல்லிக்கொடுத்தது. டிஜிட்டல் மதத்தின் ஆசார்யர்களில் ஒருவர் என்று சொல்லலாம். அந்த ஆசார்யர்தான் 1980களில் மடத்தை விட்டு வெளியேறி அனலாக் பக்கம் போனார்.

இங்கே ஒரு சொல் விவகாரம். அனலாக் என்பதற்குத் 'தொடர்முறை' என்றும், டிஜிட்டலுக்கு 'எண்முறை' என்றும், இலங்கையில் 'இலக்கமுறை' என்றும் எழுதுகிறோம். எண்முறை பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் அனலாக் என்ற கிரேக்க மூலத்துக்கு 'ஒப்பு' என்று பொருள். ஒன்றை இன்னொன்று ஒத்திருப்பது. பழைய மொழிபெயர்ப்புகளில் வந்த 'ஒப்புமைக் கணிப்பொறி' என்ற சொல்லைக் கரடுமுரடு என்று ஒதுக்கிவிட்டோம். மீட் செய்த காரியத்துக்கு அதைவிடச் சரியான சொல் கிடையாது. அவருடைய சில்லில் மின்னோட்டம், வெளிச்சத்தை ஒரு எண்ணாக மாற்றி எழுதிவைப்பதில்லை. வெளிச்சம் கூடினால் கூடும், குறைந்தால் குறையும். நரம்பு எப்படியோ அப்படி.

டிஜிட்டல் சில்லில் டிரான்ஸிஸ்டர் என்பது ஒரு குழாய். முழுக்கத் திறந்திருக்கும், அல்லது முழுக்க மூடியிருக்கும். மூடிய குழாயிலும் சொட்டுச் சொட்டாகக் கசிவு உண்டு. டிஜிட்டல்காரர்களுக்கு அது தலைவலி. மீட் அந்தக் கசிவைத்தான் பிடித்துக்கொண்டார். காரணம், மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் கசிவு மடங்கு மடங்காகப் பெருகுகிறது. பள்ளிக்கூடத்தில் லாகரிதம் அட்டவணை புரட்டியவர்களுக்கு இதன் பலன் சட்டென்று விளங்கும். லாகரிதத்தில் கூட்டினால் போதும், பெருக்கல் நடந்துவிடும். டிஜிட்டல் சில்லில் இரண்டு எண்களைப் பெருக்க நூற்றுக்கணக்கான டிரான்ஸிஸ்டர்கள் வேண்டும். இங்கே ஐந்தாறு போதும். கூட்டலுக்கு அதுவும் வேண்டாம். இரண்டு கம்பிகளை ஒன்றாக முடிந்தால் மின்னோட்டங்கள் தாமாகவே கூடிக்கொள்ளும். கசிவு மின்னோட்டம் என்பதால் மின்செலவும் துளிதான். சுமார் 20 வாட்டில் மனித மூளை ஓடுவதன் ரகசியம் இப்படி ஏதோ ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்பது மீட்டின் வாதம்.

வாதத்தை வஸ்துவாக்கியவர் மிஷா மஹோவால்ட். கால்டெக்கில் உயிரியல் படிக்க வந்து மீட்டிடம் சேர்ந்தவர். விழித்திரையில் ஒளி உணரும் செல்கள் இருக்கின்றன. அவற்றுக்கு அடுத்த அடுக்கில் அக்கம்பக்கத்துச் செல்களின் சராசரியைப் போட்டுவைக்கும் செல்கள். ஒவ்வொரு இடத்திலும் 'என் வெளிச்சம் பக்கத்தாரின் சராசரியிலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது' என்பது மட்டும் மூளைக்குப் போகிறது. இதை அப்படியே மின்தடைகளின் வலையாகச் சிலிகானில் வார்த்தார் மஹோவால்ட். 'சிலிகான் விழித்திரை' என்று மீட்டும் அவரும் எழுதிய கட்டுரை 1991 மே மாதம் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' இதழில் வந்தது. மாறாத வெளிச்சத்தை நாளடைவில் மறந்துவிடுகிற, ஓரங்களையும் அசைவுகளையும் கண்டு துள்ளுகிற சில்லு. நம் கண்ணைப் போலவே சில காட்சிப் பிழைகளுக்கும் அது ஏமாந்தது. ஒரு கருவி தவறு செய்ததற்காகப் பாராட்டப்பட்டது அபூர்வம்.

மஹோவால்ட் பிறகு ஜூரிச்சுக்குப் போனார். அங்கே 1995ல் நரம்புத் தகவலியலுக்கென்று ஒரு நிறுவனம் உருவானது. 1996 டிசம்பரில் அவர் இறந்தபோது வயது 33. இந்தத் துறையில் இப்போது தரப்படும் ஒரு விருது அவர் பெயரில் இருக்கிறது. அவரும் சக மாணவர்களும் விட்டுச்சென்ற யோசனை ஒன்றைப் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியிருக்கும்.

அசைவுக்கென்றே செய்யப்பட்ட சில்லுகளில் முந்தியவற்றுள் ஒன்று, மீட்டின் மாணவர் ஜான் டானர் 1980களின் மத்தியில் செய்தது. அவர் எதிர்கொண்ட சிக்கலை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். சுவரிலுள்ள சின்ன ஓட்டை வழியாக, தெருவில் சாய்வாகத் தூக்கிச் செல்லப்படும் நீண்ட மூங்கிலைப் பாருங்கள். மூங்கில் பக்கவாட்டில் போகிறதா, மேலே எழும்புகிறதா என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் ஓட்டையில் தெரியும் காட்சி ஒன்றுதான். ஒவ்வொரு பிக்ஸெலும் இப்படி ஓர் ஓட்டைதான். தனக்குப் பாதி உண்மையே தெரியும். டானர் என்ன செய்தார் என்றால், சில்லு முழுவதற்கும் பொதுவாக இரண்டு கம்பிகளை ஓடவிட்டார். ஒன்று கிடைவேகம், மற்றது நெடுவேகம். ஒவ்வொரு பிக்ஸெலும் தனக்குத் தெரிந்த பாதி உண்மைக்கு ஏற்ப அந்தக் கம்பிகளை இழுக்கும். வடம் பிடிப்பவர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் தேர் ஒரு திசையில்தானே நகரும்? மின்னழுத்தம் எங்கே போய் நிலைகொள்கிறதோ அதுவே விடை. கடிகாரம் இல்லை, ப்ரோக்ராம் இல்லை, படம் இல்லை.

மூன்றாவது தடவையாக டெல்ப்ரூக் வருவது இங்கேதான். மேக்ஸின் மகன் டோபி டெல்ப்ரூக் மீட்டிடம் ஆராய்ச்சி செய்து, தந்தையின் நண்பர் வண்டில் கண்ட தாமதமும் பெருக்கலும் கொண்ட விழித்திரைச் சில்லை 1993ல் வெளியிட்டார். தாமதத்துக்கு ஒரு மின்தேக்கி. அவ்வளவுதான் அந்தப் பையன்.

ஆனால் பையனை நம்புவதில் ஒரு குறை உண்டு. நாதஸ்வரம் உரக்க ஒலித்தால் பெருக்கல் விடை பெரிதாகிவிடும். ஊர்வலம் வேகமாக வருகிறதா, மேளம் பலமாக இருக்கிறதா என்று பிரிக்க முடியாது. (வண்டும் ஈயும் இதே குழப்பத்துக்கு ஆளாகின்றன என்பது ரைகார்ட் கட்சிக்குப் பலம்.) யோர்க் கிராமர், இந்தியாவிலிருந்து சென்ற ராகுல் சர்பேஷ்கர், கிறிஸ்டாஃப் கோக் ஆகியோர் 1990களின் நடுவில் கால்டெக்கில் வேறு வழி கண்டார்கள். அது நம் நாழிகை வட்டிலின் சூத்திரம். முதல் வீட்டை ஊர்வலம் கடந்ததும் ஓட்டைப் பானையில் நீர் நிரம்புகிறது. கசியத் தொடங்குகிறது. இரண்டாம் வீட்டுக்கு ஊர்வலம் வந்ததும் பானையில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கிறார்கள். மிச்சம் அதிகமென்றால் வேகம் அதிகம். மேளத்தின் சத்தம் இதில் தலையிடாது. பானைக்குப் பதில் மின்தேக்கி, ஓட்டைக்குப் பதில் கசியும் டிரான்ஸிஸ்டர்.

இவ்வளவு நேர்த்தியான சரக்கு ஏன் விலைபோகவில்லை?

முதல் காரணம் மண்ணிலேயே இருந்தது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு டிரான்ஸிஸ்டர்கள் ஒரே மாதிரி இருப்பதில்லை. டிஜிட்டலில் இது பாதகமில்லை; குழாய் திறந்ததா, மூடியதா என்பதுதான் கேள்வி. கசிவிலே கணக்குப் போடுகிறவனுக்கோ இது சர்வநாசம். மடங்கு மடங்காகப் பெருகும் அதே குணம், கடுகளவு வித்தியாசத்தையும் பூசணியாக்கிவிடும். பக்கத்துப் பக்கத்துப் பிக்ஸெல்கள் ஒரே வெளிச்சத்துக்கு வெவ்வேறு விடை சொல்லும். சூடு ஏறினால் விடை மாறும். ஒவ்வொரு சில்லையும் தனித்தனியாகத் திருகித் திருகிச் சுருதி சேர்க்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவர் இதைச் செய்யலாம், லட்சம் உருப்படி விற்கும் கம்பெனி செய்ய முடியாது. நம் மூளையிலும் இரண்டு நரம்புகள் ஒன்று போல் இருப்பதில்லைதான். ஆனால் மூளை வாழ்நாளெல்லாம் தன்னைத் தானே சுருதி சேர்த்துக்கொள்கிறது. அந்தப் பாடத்தைச் சிலிகான் அப்போது முழுதாகக் கற்றிருக்கவில்லை.

இரண்டாவது காரணம் குரூரமானது: மூர் விதி. எந்த விதிக்கு மீட் பெயர் சூட்டினாரோ அதே விதி அவருடைய அனலாக் குழந்தைகளை மிதித்துக்கொண்டு போயிற்று. முட்டாள்தனமான வழியானாலும் டிஜிட்டல் வழி ஆண்டுக்கு ஆண்டு மலிந்துகொண்டே வந்தது. இதற்கு எல்லோர் கையும் தொட்ட உதாரணம் ஒன்று உண்டு. லாஜிடெக் கம்பெனியின் 'மார்பிள்' டிராக்பால், கரும்புள்ளிகள் தெளித்த உருண்டை கொண்டது. உருண்டையின் சுழற்சியை உணர்ந்தது, சுவிட்சர்லாந்தில் நியூஷாடெல் நகர ஆராய்ச்சி மையத்தில் உயிரினக் கண்ணை முன்மாதிரியாக வைத்துச் செய்த சில்லு. இதைப் பற்றிய கட்டுரை 1996ல் வெளியானது. இந்தப் பரம்பரை கடைக்கு வந்து காசு பார்த்தது இப்படித்தான். சந்தோஷம் நீடிக்கவில்லை. 1999ல் மைக்ரோஸாஃப்ட் கொண்டுவந்த ஆப்டிகல் மவுஸில் இருந்த ஆஜிலன்ட் சில்லு, மேசைப்பரப்பை வினாடிக்கு 1,500 படம் எடுத்து, ஒவ்வொன்றையும் முந்தையதோடு டிஜிட்டலாக ஒப்பிட்டது. எந்த வழியை அபத்தம் என்று மீட்டின் மாணவர்கள் சிரித்தார்களோ அதே வழி. மலிவாக இருந்தது, எந்த மேசையிலும் வேலை செய்தது, ஜெயித்தது.

தோல்வியை நிதானமாகக் கணக்கெடுத்தவர் சர்பேஷ்கர். 1998ல் அவர் எழுதிய கட்டுரையின் சாரம், குறைந்த துல்லியம் போதுமென்றால் அனலாக் மலிவு, துல்லியம் கூடக் கூட டிஜிட்டல் மலிவு என்பது. மூளை இரண்டையும் கலந்து வைத்திருக்கிறது. நரம்புக்குள் அனலாக், நரம்பிலிருந்து நரம்புக்குச் செய்தி போகும்போது ஒரே அளவான துடிப்புகள். கட்சி கட்டிச் சண்டை போட்டவர்களிடையே இது ஒரு சமரசப் பத்திரம் போல் இருந்தது.

அடுத்து வந்தது அந்தக் கலப்புதான். மஹோவால்டும் சகாக்களும் விட்டுச்சென்ற யோசனை என்று சொன்னேனே, அது இது: எந்தப் பிக்ஸெலுக்குச் சொல்ல விஷயம் இருக்கிறதோ அது மட்டும் பொதுக் கம்பியில் தன் விலாசத்தைக் கூவட்டும். மற்றவை வாயை மூடிக்கொண்டிருக்கட்டும். கானாவில் பிறந்து கால்டெக் வந்த க்வாபெனா போவாஹென் இதைச் செம்மைப்படுத்தினார். இதன் மேல் கட்டிய கண் ஒன்றை 2008ல் ஜூரிச்சிலிருந்து பாட்ரிக் லிக்ஸ்டைனர், கிறிஸ்டாஃப் போஷ், டோபி டெல்ப்ரூக் மூவரும் அறிவித்தார்கள். 128க்கு 128 பிக்ஸெல். ஒவ்வொரு பிக்ஸெலும் தன் வெளிச்சத்தின் லாகரிதத்தை அனலாகவே கவனிக்கிறது. ஒரு அளவுக்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ 'கூடியது' அல்லது 'குறைந்தது' என்று ஒரு துடிப்பு. பிரகாசமான வெளிச்சத்தில், மாற்றம் நிகழ்ந்து 15 மைக்ரோ வினாடியில் செய்தி வந்துவிடுகிறது. எதிரே வெறும் சுவர் என்றால் ஏறக்குறைய மௌனம். பூனை வந்தால் பூனையின் ஓரங்கள் மட்டும். இருட்டறையும் கொளுத்தும் வெயிலும் ஒரே காட்சியில் இருந்தாலும் கண் கூசுவதில்லை.

கறாராகச் சொன்னால் இது அசைவை உணரும் சில்லு இல்லை. மாற்றத்தை உணர்ந்து, திசையையும் வேகத்தையும் கணக்கிடும் வேலையைப் பின்னாலிருக்கும் டிஜிட்டலிடம் தள்ளிவிடுகிறது. டானரின் கம்பிகளும் கிராமரின் பானையும் இதில் இல்லை. பழைய கனவில் பாதியை விட்டுக்கொடுத்து மீதியைக் காப்பாற்றிய வியாபாரம். என்னைக் கேட்டால் நல்ல வியாபாரம். பிக்ஸெலுக்குள் எல்லாவற்றையும் திணித்தால் பிக்ஸெல் பருத்து, கண் மங்கிப்போகும் என்ற உண்மையைப் பல வருட அனுபவம் சொல்லிக்கொடுத்திருந்தது. 2020ல் பாரிஸின் ப்ரொஃபெஸி கம்பெனியுடன் சேர்ந்து ஸோனி அறிவித்த சில்லில் 1,280க்கு 720 பிக்ஸெல்கள் இருந்தன. நூதனப் பொருளாக இருந்தது தொழிற்சாலைச் சரக்காகிவிட்டது.

இதனால் யாருக்கு என்ன லாபம்? பறப்பவர்களுக்கு. மைசூர் ராஜ்ய வழிவந்த பெயரைத் தாங்கிய மண்டயம் ஸ்ரீனிவாசன் என்ற விஞ்ஞானி, பெங்களூரில் படித்து ஆஸ்திரேலியாவில் தேனீக்களை ஆராய்ந்தவர். குறுகிய சுரங்கப் பாதையில் பறக்கும் தேனீ நட்டநடுவே பறப்பது ஏன் என்று 1991ல் சகாக்களுடன் விளக்கினார். இடது கண்ணில் சுவர் ஓடும் வேகத்தையும் வலது கண்ணில் ஓடும் வேகத்தையும் அது சமமாக வைத்துக்கொள்கிறது. ரயில் ஜன்னலில் பக்கத்துக் கம்பங்கள் பறப்பதும் தூரத்துப் பனைமரங்கள் மெல்ல நகர்வதும் போல, அருகிலுள்ள சுவர் வேகமாக ஓடும். அதை விட்டு விலகினால் போதும். தேனீ தூரத்தை அளப்பதும் இப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. சில மீட்டரே நீளமுள்ள, சுவரெல்லாம் கோலம் போட்ட சுரங்கத்தில் பறந்துவிட்டு வந்த தேனீ, ஏதோ 200 மீட்டர் பறந்தது போல் கூட்டில் ஆடிக் காட்டியது. ஒரு கிராமுக்கும் குறைந்த எடையுள்ள ஜீவனிடம் ராடாரோ தொலைவுமானியோ கிடையாது. அசைவு ஒன்றே போதும்.

ஜூரிச் பல்கலைக்கழகத்தில் 2020ல் ஒரு குட்டி ட்ரோனுக்கு இத்தகைய கேமராக்களைப் பொருத்தி, அதன் மீது பந்து எறிந்தார்கள். 3.5 மில்லி வினாடியில் புரிந்துகொண்டு விலகியது. சாதாரண கேமரா அடுத்த படத்தைக் கூட எடுத்திருக்காது. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு 2021 டிசம்பரில் இப்படிப்பட்ட கண்கள் அனுப்பப்பட்டன.

வாங்க வருபவர்களின் வரிசையில் ராணுவம் முன்னால் நிற்பதில் ஆச்சரியமில்லை. ஈ எதற்குப் பார்க்கிறதோ அதே காரியம்தான் ஏவுகணைக்கும், திசைதான் வேறு: ஈ விலகப் பார்க்கிறது, ஏவுகணை மோதப் பார்க்கிறது. அமெரிக்க ராணுவத்தின் ஆராய்ச்சி அமைப்பான டார்ப்பா, அகச்சிவப்பில் பார்க்கும் இவ்வகைக் கண்களைச் செய்ய 2021ல் மூன்று ஆயுதக் கம்பெனிகளைத் தேர்ந்தெடுத்தது. வீட்டு உபயோகத்துக்கு விற்பவர்கள் வேறு பாட்டுப் பாடுகிறார்கள். முகம் பதிவாகாது, ஓரங்கள் மட்டும்தான், ஆகவே அந்தரங்கத்துக்குப் பங்கமில்லை, வயதானவர்களின் படுக்கையறையில் கூட வைக்கலாம் என்கிறார்கள். வாங்குமுன் ஒன்று தெரிந்துகொள்வது நல்லது. இந்தத் துடிப்புகளிலிருந்தே முழு வீடியோவைத் திரும்பக் கட்டியெழுப்பும் ப்ரோக்ராமை ஜூரிச் ஆராய்ச்சியாளர்கள் 2019லேயே காட்டிவிட்டார்கள். முகமும் வரும்.

கடைசியாக, மறுபடியும் பூச்சியிடம். ரைகார்ட் சொன்ன பெருக்கலை எந்தச் செல் செய்கிறது என்பது அரை நூற்றாண்டுக்கு மேல் யாருக்கும் பிடிபடாமல் இருந்தது. பழ ஈயின் மூளையில் அந்தச் செல்கள் எவை என்று 2013ல் அடையாளம் கண்டார்கள். அவை எப்படிப் பெருக்குகின்றன என்பதை 2022ல் ம்யூனிக் அருகேயுள்ள மேக்ஸ் ப்ளாங்க் நிறுவனத்தினர் வெளியிட்டார்கள். அந்தச் செல்லை ஒரு நரம்பு தூண்டிக்கொண்டும் இன்னொரு நரம்பு அழுத்திப் பிடித்துக்கொண்டும் இருக்கிறது. அழுத்துவது கையை எடுக்கும் கணத்தில் செல்லின் மின்தடை உயர்கிறது. அதே கணத்தில் தூண்டுதலும் வந்து சேர்ந்தால், அதே அளவு தூண்டுதல் பல மடங்கு பெரிய மின்னழுத்தமாகிறது. எண் எதுவும் எழுதப்படவில்லை, அட்டவணை எதுவும் புரட்டப்படவில்லை. மின்னோட்டம், மின்தடை, பள்ளிக்கூடத்து ஓம் விதி. அந்த ஆண்டுதான் ஜப்பானின் கியோட்டோ பரிசு, 88 வயதான கார்வர் மீட்டுக்குக் கிடைத்தது.